வூசி

எந்த ஊருக்குப் போயிருக்கிறாள் என்று கேட்பவர்களிடம்
வூசி என்கிறேன்.
ஊசியா என்கிறார்கள்.
குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடிக் கிடந்த பத்து நிமிடத்தில்
மூன்று பேர் கேட்டாயிற்று.
மருந்து ஊசியா தையல் ஊசியா என்றார் தபால்காரர்.

பியூலாவுக்கு முதல் மணி எட்டுக்கு.
எனக்கு அப்போது ஐந்தரை.
இங்கே பால்காரர் கேட்டைத் தட்டும்போது
அங்கே பதினோராம் வகுப்புக்கு
உந்தம் நடத்திக்கொண்டிருப்பாள்.
நம்மூர்க் கல்லூரியில் பதினொரு வருஷமும் தற்காலிகம்.
அங்கே முதல் நாளே கதவில் பேர்.

பன்னிரண்டு நாள் குரல் இல்லை.
வாட்ஸ்அப் எடுக்காது.
மின்னஞ்சலில் ஒற்றை வரிகள்:
அறை ஆறாவது மாடி. லிஃப்ட் இல்லை.
பருப்புப்பொடி முக்கால் பாட்டில் மிச்சம்.
வீசாட் போடுங்க.

போட்டேன்.
ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர்
சாட்சி சொல்ல வேண்டும் என்றது.
சீனாவுக்குள் எனக்கு யாரைத் தெரியும்,
அவளைத் தவிர.
அவளும் புது ஆள். அவள் சாட்சி செல்லாதாம்.

மேலப்பாளையத்தில் மீட்டர் கணக்கெடுக்கப் போன இடத்தில்
இர்ஷாத் கிடைத்தான்.
மாடிப்படிக்கு அடியில் மீட்டர்,
அதற்கு மேலே ஆணியில் வெள்ளைக் கோட்டு.
மருத்துவம் நாலாம் வருஷத்தில் தொற்று வந்து திரும்பியவன்.
மிச்சத்தைக் கணினியில் படித்து
இங்கத்திய தேர்வை மூன்றாம் தடவை எழுதப்போகிறவன்.
என் போனின் கட்டத்தைத் தன் போனால் பிடித்தான்.
திறந்தது.

அங்கேயே நின்று அழைத்தேன்.
சாப்பிட்டாச்சா என்றாள்.
அவளுக்குப் பின்னால் தெருவில் ஒலிபெருக்கி
ஒன்றையே திரும்பத் திரும்பக் கத்தியது.
தேர்தலா என்றேன்.
அவளுக்கும் தெரியவில்லை.
இர்ஷாத் காது கொடுத்துக் கேட்டுவிட்டு,
பழைய ஏசி, பழைய ஃபிரிட்ஜ், பழைய வாஷிங் மெஷின்
எடுக்க வாரவன் சார் என்றான்.
எங்க ஹாஸ்டல் பக்கமும் வருவான்.
சொல்லிவிட்டு
மீட்டரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.
நான் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன்.

அப்புறம் தினமும் பேச்சு.
கறிக்குச் சீனி போடுகிறார்களாம்.
பின்னே ஏன் அதற்குச் சீனி என்று பேர், என்றேன்.
பிள்ளைகள் அவள் பேரைப் பூ என்று சுருக்கிவிட்டார்கள்.
பூ லாவோஷி. பூ வாத்தியார்.
பதினாறு வருஷத்தில் நான் ஒரு நாளும்
அப்படிக் கூப்பிட்டதில்லை.
கார்த்திகை அடைமழையில் ஒரு சாயங்காலம்,
இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன் என்றாள்.
எந்த வீட்டுக்கு என்று
கேட்கத் தெரிந்தும் கேட்கவில்லை.
குடை கொண்டு போனியா என்றேன்.
இங்கே மழை இல்லையே என்றாள்.

நேற்று என் வீட்டு மீட்டரை நானே எடுத்தேன்.
இரண்டு மாதத்துக்குத் தொண்ணூற்றாறு யூனிட்.
நூறு வரை இலவசம்.
கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று
அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.
இந்த வீட்டுக்கு அந்த எண் வந்ததே இல்லை.

ராத்திரி அவள் ஒரு படம் அனுப்பினாள்.
இது கூடுதலா ஓடுதா, பாத்துச் சொல்லுங்க.
சாம்பல் நிறப் பெட்டி. சுற்றிலும் சீன எழுத்து.
நடுவில் எனக்கு வாசிக்கத் தெரிந்த நாலு இலக்கம்.
போன மாதக் கணக்கைக் கேட்டு வாங்கிக் கழித்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஹீட்டரா என்றேன்.
ஹீட்டர், குக்கர்,
சந்தேகம் கேக்க சாயங்காலம் நாலு பிள்ளைக வருது,
அதுக போக ஒம்பது ஆகுது, அந்த லைட்டு.

சரியாத்தான் ஓடுது,
மீட்டர்ல கோளாறு இல்லை
என்று பதில் அடித்தேன்.
பிறகு எழுந்து போய்
ஆளில்லாத ஹாலில் டியூப் லைட்டைப் போட்டுவிட்டு
வந்து படுத்தேன்.